கேம் “லாக்” அடித்தால் றாம் கூட்டலாமா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

“கேம் லாக் அடிக்குது, ஒரு எட்டு ஜிபி றாம் போட்டுத் தாங்கோ அண்ணை.” கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் கணினி திருத்தும் எனக்கு இது வாரத்தில் பலமுறை வரும் வேண்டுகோள். விசுவமடுவிலிருந்தும் புதுக்குடியிருப்பிலிருந்தும் மாங்குளத்திலிருந்தும் கணினிப் பெட்டியை மடியில் வைத்தபடி பஸ்ஸில் வரும் பிள்ளைகள், நோய் என்னவென்று தெரியாமலேயே மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் காசு, பெரும்பாலும் நெல் விற்ற காசாகவோ வெளிநாட்டில் இருக்கும் மாமா அனுப்பிய காசாகவோ இருக்கும். றாம் போட்ட பிறகும் விளையாட்டு முன்போலவே திணறினால் அந்தக் காசு திரும்பி வராது. ஆகவே, றாமைக் கூட்டினால் தீரும் சிக்கல் எது, தீராத சிக்கல் எது என்பதை வீட்டிலேயே கண்டறியும் முறையை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன்.

கணினியின் தற்காலிக நினைவகமான றாம் செய்யும் வேலையை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு விளையாட்டு தொடங்கும்போது வரைபடம், உருவங்கள், ஒலிகள் ஆகியவை ஹாட் டிஸ்க்கிலிருந்து றாமுக்கு ஏற்றப்படுகின்றன. அங்கே இடம் போதாவிட்டால், விண்டோஸ் அப்போதைக்குத் தேவையற்றது என்று கருதும் பகுதிகளை டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைல் என்னும் கோப்புக்கு நகர்த்துகிறது. பிறகு அவை தேவைப்படும்போது அங்கிருந்து மீட்டெடுக்கிறது. றாமிலிருந்து ஒரு தரவை எடுக்க ஏறத்தாழ 100 நானோ செக்கன் போதும். சுழலும் ஹாட் டிஸ்க்கில் ஓரிடத்தைத் தேடி எடுக்க ஏறத்தாழ 10 மில்லி செக்கன், அதாவது ஒரு இலட்சம் மடங்கு நேரம், செல்லும். செக்கனுக்கு 60 சட்டங்கள் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள், அதாவது ஃபிரேம்கள்) என்ற வேகத்தில் ஓடும் விளையாட்டில் ஒரு சட்டத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி செக்கன் மட்டுமே என்பதால், டிஸ்க்கைத் தேடி இரண்டு முறை போனாலே ஒரு சட்டம் தவறிவிடும். றாம் பற்றாக்குறை தரும் திணறல் இதுதான். பற்றாக்குறை இல்லாத கணினியில் றாமைக் கூட்டுவது, இரணைமடுவுக்கு மழைநீர் வராத ஆண்டில் குளக்கட்டை உயர்த்துவதைப் போன்றது. இடம் பெருகும், வயலுக்குப் பாயும் நீர் பெருகாது.

எதையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்ஃபோமன்ஸ் பக்கத்துக்குச் செல்லுங்கள். அதை மூடாமல் விளையாட்டைத் தொடங்கி, குறைந்தது இருபது நிமிடம் விளையாடுங்கள். திணறல் வந்தவுடன் ஆல்ட், டாப் விசைகளால் டாஸ்க் மனேஜருக்குத் திரும்புங்கள். அங்குள்ள வரைபுகள் கடைசி 60 செக்கன்களையே காட்டும் என்பதால் தாமதிக்கக் கூடாது. மெமரியில் “அவெய்லபிள்” என்று எவ்வளவு மீதமுள்ளது, “கமிட்டட்” என்ற இடத்தில் சாய்கோட்டுக்கு இரு பக்கமும் உள்ள எண்கள் எவை, டிஸ்க் எத்தனை வீதம் இயங்கியது, ஜிபியு (கிராபிக்ஸ்) பக்கத்தில் “டெடிகேட்டட்” நினைவகம் எவ்வளவு நிரம்பியுள்ளது என்பவற்றைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டாலும் சரி. கீழே வரும் ஒவ்வொரு அறிகுறிக்கும் இந்த எண்களே சாட்சி.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டு, இடையிடையே ஒரு செக்கன், இரண்டு செக்கன் உறைந்துபோய் மீண்டும் ஓடுகிறது

றாம் பற்றாக்குறையின் உண்மையான முகம் இதுவே. உறையும் தருணத்தில் பெட்டியின் முன்பக்கத்து டிஸ்க் விளக்கு விடாமல் எரியும். டிஸ்க் வரைபு 100 வீதத்தைத் தொடும். “அவெய்லபிள்” சில நூறு மெகாபைட்டுகளாகச் சுருங்கியிருக்கும். இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்து வந்தால் ஐயமில்லை. இன்னும் உறுதி வேண்டுமானால், ரிசோர்ஸ் மொனிட்டரைத் திறந்து மெமரி பக்கத்தில் “ஹாட் ஃபோல்ட்ஸ்” என்ற நெடுவரிசையைப் பாருங்கள். விளையாட்டுக்கு எதிரே அந்த எண் செக்கனுக்கு நூற்றுக்கணக்கில் தொடர்ந்து நின்றால், றாமில் இருக்க வேண்டியவை டிஸ்க்கிலிருந்து எடுக்கப்படுகின்றன என்று பொருள். புதிய வரைபடம் ஏறும் வேளையில் அது சற்று நேரம் உயர்ந்து தணிவது இயல்பு.

இங்கே பலரும் ஒரு தவறு விடுகிறார்கள். “றாம் 75 வீதம் நிரம்பியிருக்கிறது, ஆகவே போதவில்லை” என்று முடிவு செய்கிறார்கள். விண்டோஸ் வெறுமையாகக் கிடக்கும் றாமை வீணாக்காமல், அண்மையில் திறந்த கோப்புகளை அதில் தேக்கி வைத்துக்கொள்ளும். வேறொரு நிரலுக்கு இடம் தேவைப்பட்டவுடன் விட்டுக்கொடுக்கும். இப்படித் தேக்கப்பட்ட பகுதியும் “அவெய்லபிள்” கணக்கிலேயே சேரும். எனவே நிரம்பிய வீதத்தை விட, திணறும் கணத்தில் மீதமிருக்கும் அளவே முக்கியம். “றாமைச் சுத்தப்படுத்துகிறோம்” என்று சொல்லும் இலவச நிரல்களை நான் எவருக்கும் போட்டுக் கொடுப்பதில்லை. அவை றாமில் இருப்பவற்றை வெளியே தள்ளி எண்ணை அழகாகக் காட்டுகின்றன. தள்ளப்பட்டவை அடுத்த நிமிடமே தேவைப்படுவதால் டிஸ்க்கின் வேலைதான் கூடுகிறது.

பற்றாக்குறை உறுதியானால், காசு செலவில்லாத தீர்வை முதலில் முயலுங்கள். பின்னால் திறந்து கிடக்கும் குரோம் உலாவி பல பக்கங்களோடு இரண்டு மூன்று ஜிபியைப் பிடித்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதை மூடி, கணினியோடு சேர்ந்து தாமாகத் தொடங்கும் தேவையற்ற நிரல்களை “ஸ்டார்ட்அப்” பக்கத்தில் நிறுத்திவிட்டு மறுபடியும் சோதியுங்கள். அதன் பிறகும் உறைந்தால், றாம் வாங்கும் செலவு பயனுள்ள செலவுதான். 4 ஜிபியிலிருந்து 8 ஜிபிக்கு மாறும்போது ஏற்படும் மாற்றத்தை எவரும் கண்ணால் காண்பார்கள். 2015 ஆம் ஆண்டு கணினிக்கு வந்த ஜிடிஏ 5, குறைந்தபட்சம் 4 ஜிபியும் பரிந்துரையாக 8 ஜிபியும் கேட்டது. பப்ஜியின் கணினிப் பதிப்பு குறைந்தபட்சம் 8 ஜிபியும் பரிந்துரையாக 16 ஜிபியும் கேட்கிறது. வலோரன்ட் 4 ஜிபியிலேயே தொடங்கும் என்று சொல்லப்பட்டாலும், விண்டோஸ் தனக்கே ஒரு பெரும் பங்கை எடுத்துக்கொள்வதால் 4 ஜிபி கணினியில் மூச்சுவிட இடமிருக்காது. இன்றைய புதிய விளையாட்டுகளுக்கு 16 ஜிபி பொருத்தமான அளவு. அதே விளையாட்டுக்காக 16 ஜிபியிலிருந்து 32 ஜிபிக்குப் போவதில் பெரும்பாலானோருக்கு எந்த மாற்றமும் தெரியாது. காசை மிச்சம் பிடியுங்கள் என்றே சொல்வேன்.

உறைவதில்லை, ஆனால் தொடக்கம் முதலே இழுத்து இழுத்து ஓடுகிறது, கணினியில் தனியான கிராபிக்ஸ் கார்ட் இல்லை

இந்த இடத்தில் றாம் வேறொரு வழியில் உதவக்கூடும். நமது பகுதியில் அதிகம் தவறவிடப்படும் வாய்ப்பும் இதுதான். இங்கு ஓடும் கணினிகளில் பெரும்பாலானவை கொழும்பு வழியாக இறக்குமதியாகும் பாவித்த அலுவலகக் கணினிகள், அல்லது உறவினர் அனுப்பிய லப்டொப்கள். அவற்றில் படத்தை வரைவது புறோசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதி. தனக்கென்று நினைவகம் இல்லாததால், அது றாமின் ஒரு பகுதியையே கடன் வாங்கிப் பாவிக்கிறது. எனவே றாமின் அளவோடு, றாம் தரவை அனுப்பும் வேகமும் அதன் திறனைத் தீர்மானிக்கிறது.

டாஸ்க் மனேஜரின் மெமரி பக்கத்தில் “ஸ்லொட்ஸ் யூஸ்ட்” என்ற வரியைப் பாருங்கள். இரண்டில் ஒன்று மட்டும் பாவனையில் இருந்தால், றாமுக்கும் புறோசசருக்கும் இடையே தரவு போகும் இரு வழிகளில் ஒன்றில் மட்டுமே உங்கள் கணினி ஓடுகிறது. 2400 வேகமுள்ள ஒரு டிடிஆர்4 றாம் செக்கனுக்கு அதிகபட்சம் 19.2 ஜிகாபைட் தரவையே கடத்தும். அதே அளவும் வேகமும் கொண்ட இன்னொன்றை மற்றைய ஸ்லொட்டில் போட்டவுடன் இரு வழிகளும் ஒருங்கே திறந்து, அது 38.4 ஜிகாபைட்டாகிறது. சட்ட எண்ணிக்கை இரட்டிப்பாகாது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றம் வரும். 2018 இல் வெளிவந்த ரைசன் 3 2200ஜி போன்ற, உள்ளேயே வேகா கிராபிக்ஸ் கொண்ட புறோசசர்களில் இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும். எனவே 16 ஜிபி போட விரும்புபவர் ஒரே 16 ஜிபித் துண்டை வாங்காமல் இரண்டு 8 ஜிபித் துண்டுகளை வாங்க வேண்டும். ஏற்கனவே ஒரு 8 ஜிபி இருந்தால் இன்னொரு 8 ஜிபி போதும். ஒரு 8 ஜிபியும் ஒரு 4 ஜிபியும் கிடைத்தாலும் பாதகமில்லை. பெரும்பாலான இன்டெல் கணினிகள் இரண்டிலிருந்தும் 4 ஜிபி வீதம் எடுத்து 8 ஜிபியை இருவழியிலும், மிகுதி 4 ஜிபியை ஒருவழியிலும் ஓட்டும்.

தனியான கிராபிக்ஸ் கார்ட் இருந்தும் தொடக்கம் முதலே மெதுவாக ஓடுகிறது

விளையாட்டின் அமைப்புகளில் ரெசலூஷனை ஒரு படி, எடுத்துக்காட்டாக 1920 x 1080 இலிருந்து 1280 x 720 க்கு, குறைத்துப் பாருங்கள். சட்ட எண்ணிக்கை நன்றாக உயர்ந்தால் கிராபிக்ஸ் கார்ட்தான் எல்லை. உயராமல் அப்படியே நின்றால் புறோசசர்தான் எல்லை. இரண்டிலும் றாமின் அளவைக் கூட்டுவதால் பயனில்லை. புறோசசர் எல்லையாக இருக்கும்போது மட்டும் ஒற்றைத் துண்டு றாமை இரட்டையாக்குவது சிறிதளவு கைகொடுக்கலாம். அதற்காகப் பெரிதாக நம்பிக்கை வைக்க வேண்டாம்.

திரும்பிப் பார்க்கும்போது திணறல், சுவர்களும் தரையும் மங்கலாகத் தெரிந்து பிறகு தெளிகின்றன

கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம் நிரம்பிவிட்டதன் அடையாளம் இது. 2 ஜிபி நினைவகத்தோடு 2016 இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 போன்ற கார்டுகளில் அடிக்கடி காண்கிறேன். டாஸ்க் மனேஜரின் ஜிபியு பக்கத்தில் “டெடிகேட்டட்” முழுவதும் நிரம்பி, “ஷெயார்ட்” என்ற எண் ஏறிக்கொண்டு போகும். “ஷெயார்ட்” என்பது றாமிலிருந்து கடன் வாங்கியது என்பதால், றாமைக் கூட்டினால் இந்தச் சிக்கல் தீரும் என்று சிலர் நினைக்கிறார்கள். கடன் வாங்க இடம் கூடும், உண்மைதான். ஆனால் அங்கிருந்து தரவு கார்டுக்கு வந்து சேரும் வழி ஒடுக்கமானது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டின் சொந்த நினைவகம் செக்கனுக்கு 112 ஜிகாபைட் கடத்தும். அதைப் பொருத்தும் மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட் ஏறத்தாழ 16 ஜிகாபைட் மட்டுமே கடத்தும். ஆகவே செய்ய வேண்டியது, “டெக்ஸ்ச்சர்” (சுவர், தரை போன்றவற்றின் மேல் ஒட்டப்படும் படங்கள்) தரத்தை ஒரு படி குறைப்பது. செலவில்லாத இந்த மாற்றம் பலருடைய விளையாட்டை அன்றைக்கே சீராக்கியிருக்கிறது.

விளையாட்டு திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது, திறந்த பிறகு சிக்கலில்லை

இது டிஸ்க்கின் வேகம். ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத, வேகமான டிஸ்க்) போடுங்கள். றாம் இருந்தபடியே இருக்கட்டும்.

முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடி, பிறகு தளர்ந்துபோகிறது

சோளகக் காற்று வீசும் மாதங்களில் இந்த முறைப்பாட்டோடு வருவோர் கூடிவிடுகிறார்கள். செம்மண் புழுதி விசிறியிலும் வெப்பம் கடத்தும் தகடுகளிலும் படிந்து, நண்பகல் வெயிலோடு தகரக் கூரையின் வெக்கையும் சேரும்போது, புறோசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. டாஸ்க் மனேஜரின் சிபியு பக்கத்தில் “ஸ்பீட்” என்ற எண் தொடக்கத்தில் 3 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேலிருந்து பிறகு 1 ஜிகாஹெர்ட்ஸை நோக்கிச் சரிந்தால் காரணம் பெரும்பாலும் வெப்பமே. கணினியை அணைத்து, மின் இணைப்பைக் கழற்றி, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு மென்மையான தூரிகையால் புழுதியை அகற்றுங்கள். காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றுங்கள். லப்டொப்பை மெத்தை மேல் வைத்து விளையாடாதீர்கள். மின்வெட்டு நேரத்தில் பற்றரியில் ஓடும் லப்டொப்பும் மின்சாரத்தை மிச்சப்படுத்த வேகத்தைக் குறைக்கும் என்பதால், சோதனையை எப்போதும் மின் இணைப்போடு செய்யுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நேரம் செல்லச் செல்ல “கமிட்டட்” எண் மட்டும் ஏறிக்கொண்டே போய், விளையாட்டை மூடித் திறந்ததும் இறங்கினால், அந்த விளையாட்டு எடுத்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்காமல் கசியவிடுகிறது. கூடுதல் றாம் அதைச் சற்றுத் தள்ளிப்போடும், நீக்காது. விளையாட்டைப் புதுப்பித்துப் பாருங்கள்.

இணையத்தில் மற்றவர்களோடு விளையாடும்போது மட்டும் உருவங்கள் தாவித் தாவி நகர்கின்றன

சட்ட எண்ணிக்கை குறையாமல், திரையில் காட்டும் “பிங்” (தரவு சேர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம்) மட்டும் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். அப்படியானால் கணினியில் ஒரு குறையுமில்லை. நாம் விளையாடும் சேர்வர்கள் பெரும்பாலும் மும்பாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கின்றன. அதுவரை போகும் வழியில் நாம் மாற்றக்கூடியது நம் வீட்டுக்குள் இருக்கும் பகுதி மட்டுமே. ரவுட்டரை தொலைபேசிக் கோபுரம் இருக்கும் திசையிலுள்ள யன்னலருகே உயரத்தில் வைத்து, வயர் மூலம் இணைத்து, வீட்டில் வேறெவரும் அந்த நேரம் காணொளி பார்க்காமல் சோதியுங்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் விளையாட்டு மூடிக்கொள்கிறது, அல்லது நினைவகம் போதாது என்ற செய்தி வருகிறது

“கமிட்டட்” இடத்தில் சாய்கோட்டின் இடப்பக்க எண் வலப்பக்க எண்ணை நெருங்கியிருந்தால், றாமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த மொத்த இடமும் முடிந்துவிட்டது. “பேஜ் ஃபைலை நிறுத்தினால் வேகம் கூடும்” என்ற அறிவுரையைக் கேட்டு அதை நிறுத்தி வைத்த கணினிகள் என் மேசைக்கு அடிக்கடி வருகின்றன. அதைத் திரும்ப இயக்கி, அளவை விண்டோஸே நிர்வகிக்கும்படி விடுங்கள். சி டிரைவில் போதிய வெற்றிடமும் வைத்திருங்கள். மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பு மட்டும் வேறு வகை. கணினியில் 16 ஜிபி இருந்தாலும், ஜாவாவுக்கென்று ஒதுக்கப்பட்ட உச்ச அளவுக்கு மேல் அது எடுக்காது. லோஞ்சரில் அந்த அளவு நெடுங்காலமாக 2 ஜிபியாகவே இருந்தது. மொட்கள் (விளையாட்டை மாற்ற மற்றவர்கள் எழுதிய சேர்க்கைகள்) போட்டு விளையாடுபவர்கள் அதை 4 அல்லது 6 ஜிபிக்கு உயர்த்தலாம். இருப்பதை எல்லாம் அள்ளிக் கொடுத்துவிடக் கூடாது. ஜாவா தன் குப்பையை, அதாவது தேவை முடிந்த தரவை, ஒரேயடியாகக் கூட்டி அள்ளும்போது விளையாட்டு நீண்ட நேரம் நின்றுவிடக்கூடும்.

றாம் போட்டாயிற்று, இப்போதுதான் சிக்கல்

கணினி இயங்காமல் “பீப்” ஒலி மட்டும் வந்தால், மின் இணைப்பைக் கழற்றி, லப்டொப்பானால் பற்றரியையும் நீக்கி, றாமை எடுத்து, இரு முனைக் கவ்விகளும் “கிளிக்” என்று பூட்டும்வரை அழுத்திப் போடுங்கள். பொன்னிறத் தொடுமுனைகளில் அழுக்கு இருந்தால் ஐசோபுரொபைல் அற்ககோல் தொட்ட மெல்லிய துணியால் துடையுங்கள். மேசைக் கணினியில் போடும் டிடிஆர்3 றாமுக்கு 240 தொடுமுனைகளும் டிடிஆர்4 றாமுக்கு 288 தொடுமுனைகளும் உள்ளன. நடுவிலுள்ள வெட்டும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். பொருந்தாததை வலிந்து அழுத்தி ஸ்லொட் உடைந்த மதர்போட்டைத் திருத்துவது பெரும்பாடு. நான்காம் தலைமுறை இன்டெல் லப்டொப்கள் 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் றாமையே கேட்கும், 1.5 வோல்ட் மட்டும் கொண்ட பழைய டிடிஆர்3 போட்டால் பெரும்பாலும் இயங்காது.

கணினி இயங்குகிறது, ஆனால் போட்ட 8 ஜிபியில் 3 ஜிபி சொச்சமே பாவிக்கலாம் என்று காட்டுகிறதா? விண்டோஸ் 10 இன் 32 பிட் பதிப்பு 4 ஜிபிக்கு மேல் ஏற்காது. புறோசசர் இடமளித்தால் 64 பிட் பதிப்பை நிறுவுங்கள். ஏற்கனவே 64 பிட் என்றால், எம்எஸ்கொன்ஃபிக்கில் (msconfig) “மக்சிமம் மெமரி” என்ற பெட்டியில் யாரோ அடையாளமிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வேகம் கூட்டும் வழி என்று பரப்பப்படும் அந்த அடையாளம், உண்மையில் றாமுக்குப் போடும் வேலி, அதை நீக்கிவிடுங்கள்.

முன்பைவிட மெதுவாகிவிட்டதென்றால், புதியதும் பழையதும் வெவ்வேறு வேகம் கொண்டவையாக இருக்கலாம். 3200 வேகத் துண்டை 2400 வேகத் துண்டோடு சேர்த்தால் இரண்டும் 2400 இலேயே ஓடும். ஒரே வேகத் துண்டுகளாக இருந்தும் டாஸ்க் மனேஜர் 2133 அல்லது 2666 என்று காட்டினால், பயோஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) சென்று, றாமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்குங்கள். மதர்போட்டும் புறோசசரும் இடங்கொடுக்கும் அளவுக்கே வேகம் உயரும். நான்கு ஸ்லொட்டுகள் உள்ள மதர்போட்டில் இரண்டு துண்டுகளை அருகருகே போடாமல், பெரும்பாலும் புறோசசரிலிருந்து எண்ணி இரண்டாம், நான்காம் ஸ்லொட்டுகளில் போட வேண்டும்.

நீலத்திரை வந்து கணினி தானாக மீள இயங்கினால், பாவித்த றாம் பழுதாக இருக்கலாம். எம்டிஸ்கெட் (mdsched) என்று தேடி விண்டோஸின் நினைவகச் சோதனையை ஓட்டுங்கள். அதில் தெரியாத பிழையை மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவசச் சோதனை நிரல் கண்டுபிடிக்கக்கூடும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே போட்டு, யூபிஎஸ் இருந்தால் அதோடு இணைத்து, ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரேயொரு பிழை வந்தாலும் அந்தத் துண்டைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். அதற்காகவே, வாங்கும்போது பற்றுச்சீட்டில் சோதனைக்கான நாட்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய துண்டை அதுவரை விற்காமல் வைத்திருங்கள்.